புரிக்குழல் துப்பாக்கி

வில்லினின்று புறப்படும் அம்பு நெறி தவறாது செல்லும்பொருட்டு அதன் அடியில் இறகு கட்டினர் பண்டையோர். சிறுவர் விடும் பம்பரம் சுழலுங்காறும் நிமிர்ந்து நிற்கின்றது. சுழற்சி ஓய்ந்தவுடன் தள்ளாடிச் சாய்கின்றது. சுழலும் பொருள் தன் நிலையை எளிதில் விடாது என்னும் இவ்வுண்மையை உலகம் நெடுங்காலமாகக் கண்டு வந்துளது. துப்பாக்கிக் குண்டினைச் சுழலச் செய்து நேரே செலுத்தும் உபாயத்தையும் கி. பி. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மானியக் கம்மியர் அறிந்திருந்தனர். எனினும், அவ்வுபாயம் படைவீரர் அனைவர் கைக்கும் எட்டுதற்குப் பின்னும் ஏறத்தாழ 350 ஆண்டுகள் கடந்தன. இக்காலத் தாழ்வுக்குக் காரணம் யாது? அது நீங்கியபின் விளைந்தது யாது? இவ்விரண்டனையும் இக்கட்டுரையின்கண் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொல் ஒன்றனைத் தெளிவு செய்துகொள்ளல் வேண்டும். குழலின் உட்புறத்தே, வாய் முதல் அடி வரை, திருகு சுற்றாக வெட்டப்படும் பள்ளங்களை ஆங்கிலேயர் 'ரைஃபிளிங்' என்பர். கயிற்றின் முறுக்கையும் சங்கின் சுழியையும் 'புரி' என்றே நம் முன்னோர் வழங்கினர். ஆதலின், அப்பள்ளங்களைப் புரி என்றும், அவை அமைந்த குழலைப் புரிக்குழல் என்றும், அவையின்றி வழுவழுப்பாக உள்ளதனை வெறுங்குழல் என்றும் ஈண்டுக் குறிப்பிடுவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் தாங்கியது வெறுங்குழல் துப்பாக்கியே. ஆங்கிலேயரின் 'பிரவுன் பெஸ்' என்னும் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குழல்வாயின் அகலம் 0.75 அங்குலம், அதனுள் இடப்படும் ஈயக்குண்டோ அதனினும் சிறிது. கரிமருந்து எரிந்தபின் குழலினுள் கசடு படியும். அப்படிந்த கசட்டினூடும் குண்டு தடையின்றி உள்ளே வீழ்தற்காகவே இவ்விடைவெளி விடப்பட்டது. விரைவிற் கெட்டிப்பதற்கு உதவிய இவ்விடைவெளியே குறி தவறுதற்கும் ஏதுவாயிற்று. வெடிக்குங்கால் எழும் ஆவியில் ஒரு பகுதி குண்டினைச் சுற்றி வீணே வெளியேறும். குண்டு குழலின் சுவர்களில் மாறி மாறி மோதிக்கொண்டே வரும். இறுதியாக எப்பக்கத்து மோதிற்றோ அதற்கேற்ற திசையிலும் அதற்கேற்ற சுழற்சியோடும் புறப்படும். ஆதலின், ஒரே துப்பாக்கியை ஒரே குறிக்கு நேரே வைத்துப் பத்து முறை சுடினும் பத்துக் குண்டும் பத்து வழியே செல்லும். 100 கஜத்திற்கு அப்பால் நிற்கும் தனி மனிதனை அதனாற் குறிவைத்தல் பெரும்பாலும் பயனற்றதாயிற்று. வீரர் தோளோடு தோள் நெருங்கி வரிசையாக நின்று ஒருங்கே சுட்ட வழக்கம் இக்குறைபாட்டினின்று எழுந்ததே ஆகும். ஒரு குண்டு தவறினும் நூற்றில் சில படும் என்பதே அவர்தம் கணக்கு.

குண்டு நெறி தவறுதற்குக் காரணத்தை முதன்முதலிற் செவ்விதின் ஆராய்ந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். இவர் 1707-ஆம் ஆண்டில் பாத் நகரத்துக் குவேக்கர் குடும்பம் ஒன்றில், எளிய நிலையிலுள்ள பெற்றோர்க்குப் பிறந்தார். போரை அறவே வெறுக்கும் சமயப் பிரிவிற் பிறந்தவர் போர்க்கருவியின் இயல்பை நுணுகி ஆராய்ந்தது வியப்பிற்குரியதே. 1742-இல் இவர் வெளியிட்ட நூல், குண்டுகளின் இயக்கத்தை ஊகத்தாலன்றிச் சோதனையால் அளக்கத் தொடங்கிய நூல்களுள் தலையாயது. தொங்கும் கனத்த பலகை ஒன்றன்மேற் குண்டினைச் செலுத்தி, பலகை ஊசலாடும் அளவைக் கொண்டு குண்டின் வேகத்தை இவர் கணித்தார்.

இவர் செய்த மற்றொரு சோதனை மிக அழகியது. துப்பாக்கிக் குழல் ஒன்றன் நுனியைச் சிறிது இடப்புறமாக வளைத்தார். அதன் எதிரே மெல்லிய தாள்களைத் திரைகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திச் சுட்டார். வளைந்த குழலினின்று வரும் குண்டு இடப்புறமாகவே செல்லும் என்று எவரும் நினைப்பர். முதலில் அது அவ்வாறே சென்றது. பின்னர் வரவர வலப்புறமாகத் திரும்பிற்று. தாள்களில் விழுந்த துளைகள் இதனைக் காட்டின. வளைந்த குழலின் வலச்சுவரை உராய்ந்து உருண்டமையால் குண்டு ஒரு பக்கமாகச் சுழன்றது. அச்சுழற்சியே காற்றினிடை அதனை வலப்புறம் ஈர்த்தது என்று ராபின்ஸ் விளக்கினார். இவர் நூலை 1745-இல் ஜெர்மன் மொழியிற் பெயர்த்து உரை வகுத்த பெருங்கணிதர் ஆயிலர் இவ்விளக்கத்தை ஏற்றிலர். எனினும் பிற்காலத்து ஆராய்ச்சி ராபின்ஸின் பக்கமே நின்றது.

இதனாற் பெறப்படுவது யாது? சுழற்சி குண்டிற்குப் பகையும் ஆகலாம், நட்பும் ஆகலாம். முறையின்றி ஏதோ ஒரு பக்கமாகச் சுழலின் குண்டு நெறி தவறும். செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலின், பக்கங்கள் யாவற்றிலும் காற்று ஒருபடித்தாக மோதுமாதலின், நெறி தவறாது செல்லும். புரிக்குழல் செய்வது இதுவே. 1747-இல் இலண்டன் இராயல் சங்கத்தில் ராபின்ஸ் புரிக்குழலைப்பற்றி ஒரு கட்டுரை படித்தார். இக்கருவியை நன்கு உணர்ந்து தன் படையினர்க்கு வழங்கும் நாடு ஏனைய நாடுகளினும் மேம்பட்டு நிற்கும் என்று அதன்கண் முன்னறிந்து கூறினார்.

இவ்வறிஞர் நம் நாட்டோடும் தொடர்புடையவர் என்பது பலர் அறியாதது. கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் கோட்டைகளைச் செப்பனிடுவதற்கு இவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்து அனுப்பினர். 1750-இல் இங்கு வந்த ராபின்ஸ், காய்ச்சலால் நலிந்து, கூடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உயிர் நீத்தார். அவர் அப்போது 44 வயதினர். அவர் கூறிய முன்னறிவிப்பு நிறைவேற இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது.

அந்நூற்றாண்டு முழுவதும் தடையாய் நின்றது ஒரே ஒரு சிக்கல். புரியின் பள்ளங்கள் குண்டினைப் பற்றிச் சுழற்ற வேண்டுமாயின் குண்டு குழலினுள் இறுகப் பொருந்துதல் வேண்டும். அக்காலத்துத் துப்பாக்கியிலோ குண்டினைக் குழலின் வாய்வழியே இட்டு அடி வரை தள்ளுதல் வேண்டும். இறுகப் பொருந்தும் குண்டு எளிதில் உட்செல்லாது. எளிதில் உட்செல்லும் குண்டு புரியைப் பற்றாது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணி நின்றன.

வேட்டைக்காரர்க்கு இஃது ஒரு பெருங்குறையன்று. எண்ணெய் தடவிய துணியையோ தோலையோ குண்டின்மேற் சுற்றி, பொறுமையாகத் தள்ளிக் கெட்டிப்பர். அமெரிக்காவிற் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கம்மியர் செய்த நீண்ட புரிக்குழல் துப்பாக்கிகள் இவ்வாறே வழங்கின. போர்வீரனுக்கோ காலம் உயிருக்கு நேர். வெறுங்குழல் துப்பாக்கியால் பயின்ற வீரன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவான். புரிக்குழலாலோ ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. 1800-இல் ஆங்கிலப் படையின் தெரிந்தெடுத்த சிலர்க்கு வழங்கப்பட்ட 'பேக்கர்' துப்பாக்கி ஏழு புரிகளையும் 30 அங்குலக் குழலையும் உடையது. 200 கஜத்திற் குறி தப்பாது சுடத்தக்கது. ஆயினும், குண்டினை உள்ளே இறக்குதற்கு முதலில் அவ்வீரர்க்குச் சிறு மரச்சுத்தியும் சேர்த்துக் கொடுக்கவேண்டியதாயிற்று! ஆகவே, புரிக்குழல் சிலர்க்கே உரிய தனிப்படைக்கலமாய் நின்றுவிட்டது.

இம்முரணைத் தீர்க்கப் பலர் முயன்றனர். 1826-இல் பிரெஞ்சுக்காரராகிய டெல்வீன் என்பவர் குழலின் அடியில் ஒரு குறுகிய அறை அமைத்தார். தளர்வாக உள்ளே விழும் குண்டு அவ்வறையின் விளிம்பில் தங்கும். கோலால் ஓங்கி இடித்தால் அது நசுங்கி விரிந்து புரியைப் பற்றும். இதன்கண் குண்டு உருக்குலைந்தது. உருக்குலைந்த குண்டு நேரே செல்லுமாறு எங்ஙனம்? 1844-இல் துவ்னேன் என்பவர் அடியில் ஓர் இருப்பு முளையை நாட்டி அதன்மேற் குண்டினை இடிக்கச் செய்தார். இதுவும் வீரனின் கைவலியையே நம்பியிருந்தது.

குண்டினை விரியச் செய்தற்கு வீரன் கை எதற்கு? வெடிமருந்தின் வலியே போதுமே! இக்கருத்தின் தோற்றத்தைப்பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. தென்னிந்தியாவில் இருந்த நார்ட்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், இந்நாட்டார் ஊதுகுழலால் எய்யும் சிறு அம்புகளைக் கண்டாராம். அவ்வம்பின் அடி, தாமரையின் மெல்லிய உட்சோற்றினால் அமைந்திருந்தது. ஊதுங்கால் அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ளுதலின் மூச்சு சிறிதும் வீணாகவில்லை. இதனைக் கண்டே அடியிற் குழிவுடைய குண்டு ஒன்றனை அவர் அமைத்தார் என்பர். வில்லியம் கிரீனர் என்னும் ஆங்கிலத் துப்பாக்கிக் கம்மியரும் 1830-களில் இதையொத்த குண்டு ஒன்றனைச் செய்தார். இருவர் கருத்தையும் அந்நாட்டுப் படையதிகாரிகள் ஏற்றிலர்.

1849-இல் பிரெஞ்சுப் படையைச் சார்ந்த மினியே என்பவர் இதனை நிறைவேற்றினார். அவர் குண்டு உருண்டையன்று; நீண்டு, நுனி கூர்ந்து, அடியிற் குழிந்தது. அக்குழிவின் வாயில் சிறிய இரும்புக் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. குண்டு குழலினும் சிறியதாதலின் தடையின்றி உட்செல்லும். மருந்து வெடித்தவுடன் ஆவி அக்கிண்ணத்தைக் குழிவினுள் உந்தும். மெல்லிய ஈயம் விரிந்து புரியில் இறுகும். உட்செல்லும்போது தளர்ச்சி, வெளிவரும்போது இறுக்கம். மூன்று நூற்றாண்டுச் சிக்கல் ஒரு விரல்நுனி அளவுக் குழிவினால் அவிழ்ந்தது. பின்னர் அமெரிக்கராகிய பர்ட்டன், கிண்ணமே இன்றிக் குழிவு மாத்திரம் போதும் என்று காட்டினார். ஆங்கில அரசாங்கத்தார் மினியேவுக்கு 20,000 பவுன் அளித்தனர். தம் நாட்டுக் கிரீனருக்கோ 1857-இல் 1,000 பவுனே கிடைத்தது.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தை விலக்குதல் நன்று. புரியானது குண்டிற்கு வலிமை தந்து நெடுந்தூரம் செலுத்துகின்றது என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று, உராய்வினால் புரி சிறிது வலியைக் கவரவே செய்யும். தூரம் மிகுந்ததற்குக் காரணம் வேறு. உருண்டைக் குண்டினும் நீள்குண்டிற்கு, ஒரே அகலத்தில், எடை மிகுதி. ஆதலின், காற்றை ஊடறுத்துத் தன் வேகத்தை நெடும்பொழுது காக்கும். ஆனால், சுழற்சியின்றி எறியப்படும் நீள்குண்டு குட்டிக்கரணம் இடும். புரி தரும் சுழற்சி அதனைப் பம்பரம்போல் நிலைநிறுத்துகின்றது. ஆகவே, புரி நேர்மையைத் தந்தது. நேர்மை நீள்குண்டிற்கு இடந்தந்தது. நீள்குண்டு தூரத்தைத் தந்தது. ஆவி வீணாகாமல் அடைபட்டதும் இதற்குத் துணையாயிற்று.

ஆங்கிலேயர் 1853-இல் ஏற்றுக்கொண்ட 'என்ஃபீல்டு' துப்பாக்கியில் இவை யாவும் பொருந்தியிருந்தன. அதன் குழல்வாய் 0.577 அங்குலம், புரிகள் மூன்று, 78 அங்குலத்திற்கு ஒரு முழுச்சுற்று. குண்டு வினாடிக்கு 900 அடி செல்வதாகக் கொள்ளின், அவ்வொரு வினாடியில் ஏறத்தாழ 138 முறை சுழலும் என்பது எளிய கணக்கு. அதன் குறிபார்க்கும் தகடு 900 கஜம் வரை அளவிடப்பட்டிருந்தது. பாட்டன் 100 கஜத்தில் தடுமாறிய குறியைப் பேரன் பன்மடங்கு தூரத்தில் நாடலானான். புரியின் முறுக்கு மிகின் நேர்மை இன்னும் மிகும் என்பதை விட்வொர்த் என்னும் பொறியாளர் காட்டினார். அவர்தம் துப்பாக்கி 20 அங்குலத்திற்கு ஒரு சுற்று உடையது. 1857-இல் நிகழ்ந்த சோதனையில், 500 கஜத்தில், என்ஃபீல்டின் குண்டுகள் நடுவினின்று சராசரி இரண்டடிக்கு மேல் விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் அரையடிக்கும் குறைவாகவே விலகின. 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார், தாங்கியில் நிறுத்திய விட்வொர்த் துப்பாக்கியைப் பட்டுக்கயிற்றால் இழுத்துச் சுட்டபோது, 400 கஜத்திற்கு அப்பால் இருந்த குறியின் நடுவிற்கு மிக அருகே குண்டு பாய்ந்தது.

கருவி செம்மையுற்றது. அதனைக் கையாண்டோர் அறிவும் அவ்வாறே செம்மையுற்றதோ எனின், இல்லை என்றே வரலாறு விடை கூறுகின்றது. இதற்கு மூன்று சான்றுகள் தருவோம்.

முதற்சான்று நம் நாட்டது. புரிக்குழலுக்கு உரிய தோட்டா கசட்டில் ஒட்டாது வழுக்கிச் செல்லும்பொருட்டு அதன் தாளுறையிற் கொழுப்புத் தடவப்பட்டது. அவ்வுறையைப் பல்லாற் கடித்துத் திறத்தல் அக்காலத்து வழக்கம். அக்கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி 1857-இன் தொடக்கத்தில் வங்காளப் படையிற் பரவிற்று. இந்துக்களும் முகம்மதியரும் ஒருங்கே உள்ளம் புண்பட்டனர். அவ்வாண்டு மே 10-ஆம் நாள் மீரத்தில் மூண்ட கிளர்ச்சிக்கு வேறு காரணங்கள் பல உண்டெனினும், இத்தோட்டா அக்காரணங்களுக்கு நெருப்பு வைத்தது. குழலினுள் நிகழும் உராய்வை எண்ணினோர், அத்தோட்டாவைக் கடிக்கும் மனிதனின் மனத்தை எண்ணினாரிலர்.

இரண்டாவது சான்று அமெரிக்க உள்நாட்டுப் போர். அங்கு இருதிறத்தாரும் மினியே குண்டினையே பெரிதும் வழங்கினர். படைத்தலைவர்களோ வெறுங்குழற் காலத்து நூல்களைப் பயின்றவர்கள். 1863 ஜூலை 3-ஆம் நாள் கெட்டிஸ்பர்க்கில் தென்னாட்டு வீரர் ஏறத்தாழ 12,500 பேர் வரிசை வகுத்து, முக்கால் மைல் அகன்ற வெளியைக் கடந்து தாக்கினர். பீரங்கியும் புரிக்குழலும் சேர்ந்து அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோரை வீழ்த்தியும் சிறைப்படுத்தியும் அத்தாக்குதலை முறியடித்தன.

எனினும், இப்போரில் நேர்ந்த சாவுகள் யாவற்றையும் புரிக்குழலின் நெடுந்தூரத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது என்று இக்கால ஆராய்ச்சியாளர் பலர் கூறுகின்றனர். பெரும்பாலான சண்டைகள் பழைய நெருங்கிய தூரத்திலேயே நிகழ்ந்தன. இதன் காரணம் கணக்கினாலே விளங்கும். 300 கஜம் செல்ல அக்குண்டிற்கு ஒரு வினாடிக்கு மேலாகும். அதற்குள் அது 16 அடிக்கு மேல் தாழுமாதலின், அதற்கேற்பக் குழலை உயர்த்திச் சுடுதல் வேண்டும். அப்போது குண்டு இடைவழியில் நேர்கோட்டினின்று நான்கடிக்கு மேல் எழுந்து, அங்கு நிற்பவன் தலையைக் கடந்துவிடும். ஆகவே, தூரத்தைப் பிழைபடக் கணித்தவனுக்குப் புரிக்குழலும் பயன்படாது. அமெரிக்க வீரருட் பெரும்பாலோர் தூரங்கணிக்கும் பயிற்சி பெற்றிலர். ஆங்கிலேயர் இதனை உணர்ந்தே 1853-இல் ஹைத் என்னும் ஊரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்றனை நிறுவினர். கண் பழகாதவழிக் குழல் தனித்து நின்று பயன் தாராது.

மூன்றாவது சான்று இத்தாலி நாட்டது. 1859 ஜூன் 24-ஆம் நாள் சோல்ஃபெரினோவில் பிரெஞ்சு, சார்டினியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் பொருதன. புரியிட்ட துப்பாக்கியோடு புரியிட்ட பீரங்கியும் அங்கு வழங்கிற்று. ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தும் புண்பட்டும் காணாமற்போயும் ஒழிந்தனர். நீள்குண்டு பழைய உருண்டையைப் போன்றதன்று. மெல்லிய ஈயம் எலும்பிற் பட்டவுடன் பரந்து அதனைத் தூளாக்கும். கையோ காலோ அறுத்தெறிதலே அக்காலத்து மருத்துவர் அறிந்த பரிகாரம். தன் தொழில் நிமித்தம் அவ்வழி வந்த ஹென்றி டூனான் என்னும் ஜெனிவா நகரத்தார், கவனிப்பாரின்றிக் கிடந்த அப்புண்பட்டோரைக் கண்டார். காஸ்திலியோனே என்னும் ஊரின் கோயில் மருத்துவமனையாயிற்று. அவ்வூர்ப் பெண்டிர் பகைவர் நண்பர் என்னும் வேறுபாடின்றித் தண்ணீர் தந்தும் புண் கட்டியும் பணி செய்தனர். நல்ல சமாரியன் உவமையை நாள்தோறும் கேட்டிருந்த கிறிஸ்தவ உலகிற்கு அது கண்ணெதிரே நிகழ்ந்த விளக்கமாயிற்று. டூனான் 1862-இல் எழுதிய நூலின் பயனாகச் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றியது. 1864-இல் முதல் ஜெனிவா உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

அதன் பின்னர்த் துப்பாக்கியின் வளர்ச்சி விரைந்தது. பித்தளைத் தோட்டாவைக் குழலின் பின்புறத்தே இடும் வழி பரவவே, மினியேயின் குழிவிற்கும் வேலையில்லாதாயிற்று. 1886-இல் பிரெஞ்சுப் படை புகையிலா மருந்தையும் 8 மில்லிமீட்டர்க் குழலையும் ஏற்றது. வேகம் மிக்கமையால் குண்டின் வளைவு குறைந்து, நெடுந்தூரக் குறி எளிதாயிற்று. இம்மாற்றங்கள் யாவற்றினும் மாறாது நின்றது புரி ஒன்றே.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது இது. ஓர் உண்மையைக் காணுதல் வேறு. அது கைக்கு எட்டுதல் வேறு. எட்டியதன் விளைவை உணர்தல் வேறு. புரியின் பயனை ராபின்ஸ் தெளிவாகக் கண்டார். அது கைக்கு எட்ட ஒரு நூற்றாண்டு ஆயிற்று. எட்டிய பத்தாண்டுகளுள் அதன் விளைவு மீரத்திலும் சோல்ஃபெரினோவிலும் கெட்டிஸ்பர்க்கிலும் வெளிப்பட்டது. அறிவின் முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே ஏற்பட்ட தாமதத்தால் எவர்க்கும் ஊறில்லை. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே ஏற்பட்ட தாமதத்திற்கோ எளிய வீரர்கள் தம் உயிரை விலையாகத் தந்தனர். கல்லூரியிற் கற்கும் நாம் எத்துறையிற் புகுந்தாலும், முதலிரண்டு படிகளோடு அமையாது மூன்றாவதனையும் ஏறப் பழகுதல் நம் கடன்.